படகுக்குத் தண்ணி காட்டியவள்

ஆரணியில் படகில் குடியிருந்த குடும்பம் எங்களுடையது. சிரிக்காதீர்கள். ஆற்றில் வருஷத்தில் பத்து மாதம் மணல்தான். கடலைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு பஸ் மாறி அரை நாள் போக வேண்டும். அந்த ஊரில், தறிச்சத்தம் ஓயாத எங்கள் தெருவில், ஒரு கோடை முழுக்க ஒரு படகு நின்றது. என் வயதுக்காரர்களான உங்களில் பலரிடம் இந்தக் கதையைச் சொல்லியிருப்பேன். கல்யாணப் பந்தியில், பென்ஷன் ஆபீஸ் பெஞ்சில், பிரஷர் பார்க்கக் காத்திருக்கும் வரிசையில், எங்கே ஆள் கிடைத்தாலும் சொல்வேன். கடைசியில் படகு முழுகியதற்கு நான்தான் காரணம் என்று சொல்லி முடிப்பேன். நீங்களும் "விடு, சின்னப் பொண்ணுதானே" என்பீர்கள்.

நான் இத்தனை காலமும் தப்புக்கதை சொல்லியிருக்கிறேன் என்று போன மாதம் தெரிந்தது. இராத்திரி மாத்திரை போட்டும் தூக்கம் வருவதில்லை. அதனால் முதலிலிருந்து ஒரு தடவை சரியாகச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பதினோரு வயது. முழுப்பரீட்சை முடிந்து லீவு விட்ட வாரம். காலை பத்து மணிக்கு லாரி ஒன்று எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. அதன் முதுகில் வெள்ளையும் அழுக்குமாக ஏதோ பெரிதாக உட்கார்ந்திருந்தது. எதிர்வீட்டுப் பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எந்தக் கோயில் சாமியோ ஊர்வலம் வருகிறது என்று நினைத்துவிட்டாள். பக்கத்தில் வந்தபோது பார்த்தால் படகு. படகுக்குள் குடை பிடித்துக்கொண்டு என் மாமா, அம்மாவுக்கு நேர் இளையவர். அவர் காலடியில் ஒரு டிரங்குப் பெட்டி, அதன்மேல் அத்தை. அத்தை என்றால் மாமாவின் மனைவி. லாரி நின்றதும் மாமா எழுந்து நின்று கை ஆட்டினார். தெருவே வாசலுக்கு ஓடி வந்தது.

"இன்னாடா தம்பி இது?" என்று அம்மா கத்தினாள்.

"வீடுக்கா," என்றார் மாமா.

மாமா சரக்குக் கப்பலில் சமையல்காரர். பெரிய கப்பல்களின் ஓரத்தில், ஆபத்து வந்தால் இறங்கித் தப்பிப்பதற்கென்று சின்னப் படகுகள் தொங்கும். அவர் வேலை பார்த்த கப்பல் ஒன்றை உடைத்து விற்றபோது அந்தப் படகை வாங்கிவிட்டார். கையில் இருந்ததெல்லாம் அதில் போயிற்று. மெட்ராஸில் நிறுத்தி வைக்க இடமில்லை. எங்கள் வீட்டை ஒட்டிக் காலி மனை இருந்தது, செப்பனிட அப்பாவின் கை இருந்தது. அதனால் நேராக ஆரணிக்குக் கொண்டு வந்துவிட்டார். படகைச் சரிசெய்து, திரும்ப லாரியில் ஏற்றி, மரக்காணத்தில் கடலோடு சேரும் உப்பங்கழியில் இறக்கி, கரையை ஒட்டியே தெற்கே போவது அவர் திட்டம். புதுச்சேரி, கடலூர், அப்படியே நாகப்பட்டினம். ஊர் ஊராக நிறுத்திச் சமைத்துச் சாப்பிட்டு, ஐப்பசி மழைக்கு முன்னால் திரும்பி, அதற்கப்புறம் அந்தப் படகிலேயே கழியில் குடியிருப்பது. "பாப்பாவும் புதுச்சேரி வரைக்கும் வரட்டும்" என்றார். பாப்பா நான்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அத்தையைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் நஷ்டப்பட்டவள் அவள்தான். மாமா கப்பலில் போய்விட்டால் அவள் மாமாவின் அண்ணன் வீட்டில் இருப்பாள். எட்டு வருஷமாக அங்கே அவளுக்குக் கிடைத்தது டிரங்குப் பெட்டி வைக்கிற இடமும் அதன் பக்கத்தில் பாய் போடுகிற இடமும்தான். அடுப்பு அந்த வீட்டு மூத்த மருமகளுடையது. காபி குடிக்க வேண்டுமானால்கூடக் கேட்டுத்தான் குடிக்க வேண்டும். அத்தைக்குத் தண்ணீர் என்றாலே பயம், நீச்சல் தெரியாது. ஆனாலும் படகில் ஏறி உட்கார்ந்த அன்று, அம்மாவிடம் காதோடு காதாக, "இதுல அடுப்பு நான் சொல்ற எடத்துலதான், அண்ணி" என்றாள். சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

பழைய லாரி டயர்களை அடுக்கி அதன்மேல் படகை உட்கார வைத்தார்கள். ஏறுவதற்கு ஒரு மூங்கில் ஏணி. மறுநாள் விடிகாலையிலேயே தகராறு. எங்கள் தெருவில் பட்டுப் பாவு, அதாவது தறியில் ஏற்றும் நெடுக்கு நூலை, தெருவோடு நீளமாக இழுத்துக் கட்டித்தான் சரிசெய்வார்கள், வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். படகின் மூக்கு தெருவுக்குள் நீட்டிக்கொண்டு நின்றது. "நாங்க பாவு இழுக்கிறதா, இல்ல நீங்க கப்பல் விடுறதா?" என்று மூன்றாம் வீட்டு நெசவாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். மாமா அவரை ஏணியில் ஏற்றி, உள்ளே உட்கார வைத்து, சிலோன் டீ போட்டுக் கொடுத்தார். இறங்கி வந்தவர் தன் பாவின் ஒரு முனையைப் படகின் மூக்கிலேயே கட்டிக்கொண்டார். அதற்கப்புறம் யாரும் சண்டைக்கு வரவில்லை, டீக்குத்தான் வந்தார்கள்.

மாமாவும் அத்தையும் அன்றிலிருந்து படகிலேயே குடியிருந்தார்கள். வீடு பத்தடியில் இருக்கும்போது எதற்கு என்று அம்மா கேட்டாள். "இங்க பழகலன்னா அங்க பேஜாராயிடும்க்கா" என்றார் மாமா. கப்பல் சட்டம் எல்லாம் வந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு வாளித் தண்ணீர், அதற்குமேல் கிடையாது. செருப்பு ஏணிக்குக் கீழே. மணிக்கொரு தடவை பித்தளைத் தட்டில் அடி. அடுப்பு, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், மணல் நிரப்பிய தகரப் பெட்டிக்குள். எந்தச் சாமானாக இருந்தாலும் ஒரு கயிறும் ஒரு ஆணியும். கடுகு டப்பா, உப்பு ஜாடி, சீப்பு, விபூதிச் சம்படம் எல்லாம் கட்டப்பட்டிருந்தன. கட்டியிருக்கிறதா என்று பார்க்க மாமா ஒரு வழி வைத்திருந்தார். எந்த நேரமென்று சொல்ல முடியாது, திடீரென்று கீழே போய்த் தோளைக் கொடுத்து, "அலை!" என்று கத்திக்கொண்டே படகைத் தள்ளுவார். டயர்மேல் அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். முதல் தடவை எனக்கு உயிரே போய்விட்டது. சாம்பார்ச் சட்டி கவிழ்ந்து அத்தை புடவையெல்லாம் பருப்பு. அத்தை மாமாவைத் திட்டிய திட்டில் தெருவில் தறிச்சத்தம் நின்றது. ஆனால் பத்து நாளில் எவ்வளவு ஆட்டினாலும் அத்தையின் படகில் ஒரு ஸ்பூன் விழாது. பிறகு அவளே மேலேயிருந்து, "இன்னும் தள்ளுங்க, தெம்பில்லையா?" என்று கேட்பாள்.

நாங்களும் உதவி செய்யாமல் இல்லை. மெட்ராஸிலிருந்து பாய்த்துணி வந்தது, முரட்டுப் பருத்தி. அம்மா தொட்டுப் பார்த்து, "தொளதொளன்னு கீதே" என்றாள். பாவுக்குக் கஞ்சிப் பதம் பார்த்துப் பழகிய கை. துணியை அப்படியே விட மனம் வரவில்லை. ஒரு குண்டான் அரிசிக்கஞ்சி காய்ச்சித் துணி முழுக்கப் போட்டு, தெருவில் இழுத்துக் கட்டிக் காயவைத்தாள். தட்டினால் தகரம் மாதிரி சத்தம் வந்தது. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் பிரித்துப் பார்த்தால் எலி வேலை, கை நுழைகிற அளவுக்கு இருபது ஓட்டை. அம்மா அதிர்ந்துபோய் உட்கார்ந்துவிட்டாள். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "எலிக்கு டிபன் குடுத்துட்டக்கா" என்றார். அம்மா இரண்டு நாள் உட்கார்ந்து ஒட்டுப் போட்டாள்.

படகின் பெரிய வேலை அடிப்பக்கம். பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுனி போகிற இடைவெளி இருந்தது. கடலில் கிடக்க வேண்டிய மரம் ஆரணி வெயிலில் காய்ந்தால் வேறு என்ன ஆகும்? மாமா அப்பாவையும் என்னையும் கீழே குந்த வைத்து விளக்கினார்.

"பழசெல்லாம் நோண்டி எடுத்துட்டு, பருத்தித் திரிய இறுக்கி அடைக்கணும், மாமா. தண்ணி பட்டா பருத்தி ஊறி உப்பும். உப்பினா இடுக்கு அடைஞ்சிடும். அதுக்குமேல குங்கிலியத்த எண்ணெயில காய்ச்சிப் பூசணும்."

தன் அக்காள் புருஷனை அவர் மாமா என்றுதான் கூப்பிடுவார். அப்பா, "பருத்தியா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா, பருத்திதான். அப்புறம் மரமும் ஊறணும். அது பாப்பா வேல."

என் வேலை இதுதான். படகின் உள்ளே தரைப்பலகையைத் தூக்கினால் அடிவயிறு தெரியும். அங்கே சாக்குகளை விரித்து, காலையும் மாலையும் இரண்டிரண்டு குடம் தண்ணீர் ஊற்றி ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு மாமா வைத்த பெயர் படகுக்குத் தண்ணி காட்டுவது. மாட்டுக்குத் தண்ணி காட்டுவோமே, அதேபோல. "நீ தண்ணி காட்டலன்னா அது நமக்குத் தண்ணி காட்டிடும்" என்று சொல்லிக் கண்ணடித்தார். நான் அந்தப் பேச்சை மனப்பாடமாக வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத் தோழிகளிடமெல்லாம் சொன்னேன்.

பிறகு ஏதோ காகிதங்களுக்காகவும் நங்கூரத்துக்காகவும் மாமா மெட்ராஸ் போனார், பத்து நாள். அடிப்பக்கத்தை அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனார். அப்பா தறியை நிறுத்திவிட்டு அந்த வேலையில் இறங்கினார். படகைச் சுற்றிப் பழைய ஜமுக்காளங்களைத் தொங்கவிட்டு, அடியில் மல்லாந்து படுத்து வேலை செய்தார். கிட்டே போனால், "குங்கிலியம் சுடும், போ அந்தப் பக்கம்" என்று விரட்டுவார். அத்தை மேலேயிருந்து காபி இறக்கிக் கொடுப்பாள். மாமா திரும்பி வந்தபோது அடிப்பக்கம் வழவழவென்று கறுத்து மின்னியது. குனிந்து கையால் தடவிப் பார்த்தார். "மாமா, துறைமுகத்துலகூட இப்டி செய்ய மாட்டானுங்க" என்றார். அப்பா வெட்கப்பட்டுச் சிரித்தார். அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்தது குறைவு.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். லாரி வருவதற்கு ஐந்து நாள் முன்னால் மாமாவும் அத்தையும் அத்தையின் பிறந்த வீட்டுக்குச் சொல்லிக்கொண்டு வரப் போனார்கள். "படகு உன் பொறுப்பு" என்று அத்தை என் கன்னத்தைத் தட்டினாள். அதே சமயம் சேவூரில் என் வகுப்புத் தோழியின் அக்காவுக்குக் கல்யாணம். பந்தல், பலகாரம், மைக் செட், ராட்டினம் வேறு போட்டிருந்தார்கள். காலையில் டவுன் பஸ்ஸில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவேன். முதல் நாள் ஊற்றினேன். அடுத்த நான்கு நாளும் ஊற்றவில்லை. மறந்துபோனேன் என்றுகூடச் சொல்ல முடியாது. ஞாபகம் இருந்தது, நாளைக்குச் சேர்த்து ஊற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மாமா வந்ததும் முதல் கேள்வி, "தண்ணி காட்டினியா?" என்பதுதான். "காட்டினேன்" என்றேன். அத்தை எனக்கென்று கொண்டு வந்த முறுக்கை வாங்கித் தின்றேன்.

லாரி சேத்துப்பட்டு, தேசூர் வழியாகத் திண்டிவனம் போய் மரக்காணம் சேர்ந்தது. வழியெல்லாம் ஜனங்கள் ஓடிவந்து பார்த்தார்கள். அப்பா, அம்மா, மாமா, அத்தை, நான், எல்லாரும் படகுக்குள்ளேயே உட்கார்ந்து போனோம். அத்தை புளியோதரை கட்டியிருந்தாள். அவளுடைய எல்லாச் சாமானும் ஆணியில் கட்டப்பட்டு ஒன்றோடொன்று மோதாமல் வந்தது. அவள் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

கழியில் தண்ணீர் பளபளவென்று கிடந்தது. உப்பள ஆட்கள் பத்துப் பேர் கை கொடுத்துப் படகை இறக்கினார்கள். படகு மிதந்தது! இரண்டு மாதமாக டயர்மேல் இருந்தது தண்ணீர்மேல் லேசாகத் தலையாட்டிக்கொண்டு நின்றபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அம்மாவும் அப்பாவும் கரையில் நின்றார்கள். அம்மா சூடம் கொளுத்தினாள். மாமா, அத்தை, நான் மூன்று பேரும் ஏறினோம். மாமா மூங்கில் கோலால் ஊன்றித் தள்ளினார். அத்தை கண்ணை மூடிக்கொண்டு, பிறகு ஒரு கண்ணைத் திறந்து, பிறகு இரண்டையும் திறந்தாள்.

முப்பது அடி போயிருப்போம். என் பாதம் குளிர்ந்தது. குனிந்து பார்த்தேன். தரைப்பலகையின் இடுக்கில் தண்ணீர் ஏறி வந்தது.

"மாமா, தண்ணி."

"மொத நாளு கொஞ்சம் வரும். மரம் குடிக்கட்டும்," என்றார் மாமா.

அது கொஞ்சமாக வரவில்லை. கணுக்காலுக்கு வந்தது. மாமா தரைப்பலகையைத் தூக்கினார். அடிவயிற்றில் தண்ணீர் சுழன்றது. அவர் வாளியால் இறைக்க இறைக்க அது முழங்காலைத் தொட்டது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

"நெசமா தண்ணி காட்டினியா, பாப்பா?"

"நாலு நாள் காட்டல, மாமா."

அவர் வாளியைப் போட்டுவிட்டு என்னைத் தூக்கித் தோளில் உட்கார வைத்தார். படகு சாய்ந்து மெதுவாக உட்கார்ந்தது. ஆழம் மாமாவின் மார்பளவுதான், யாருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை. கட்டிவைத்த சாமான் எதுவும் மிதந்து போகவில்லை, எல்லாம் ஆணியோடு சேர்ந்து முழுகியது. அத்தை மட்டும் எழுந்திருக்கவில்லை. ஸ்டவ்வை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திரு, வா போலாம்," என்றார் மாமா.

"எங்க போறது?" என்று கேட்டாள் அத்தை.

நான் மாமாவின் தோள்மேல் இருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தில் கோபம் இல்லை. நிஜமாகவே விடை தெரியாமல்தான் கேட்டாள். உப்பள ஆட்கள் இரண்டு பேர் தண்ணீரில் இறங்கி வந்து அவளைக் கரையேற்றினார்கள்.

கரையில் என்னை இறக்கிவிட்டு மாமா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "கொழந்த நாலு நாள் மறந்துட்டா. அதுக்கு இன்னா பண்றது? யாரும் அத ஒண்ணும் சொல்லக்கூடாது." யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா என்னை அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அப்பா தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

லாரியில் கயிறு கட்டி இழுத்ததில் படகின் முதுகெலும்பு முறிந்தது. மாமாவால் பார்க்க முடியவில்லை. "நான் பாத்துக்கறேன் மச்சான், நீங்க கெளம்புங்க, ஜல்தி பஸ்ஸ புடிங்க" என்று அப்பாதான் அவர்களை அனுப்பினார். எங்களையும் அனுப்பிவிட்டு இரண்டு நாள் அங்கேயே தங்கிப் படகைப் பிரித்தார். நல்ல பலகைகளை ஆரணிக்குக் கொண்டு வந்து எங்கள் சமையலறையில் பரண் போட்டார். வரும்போது எனக்குத் திண்டிவனத்தில் ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கி வந்தார். தப்புச் செய்தவளுக்கு வளையலா என்று எனக்கு ஆச்சரியம். அப்பாவைப்போல ஒரு நல்ல மனுஷர் உலகத்தில் இல்லை என்று நினைத்தேன். அந்த வளையல்கள் உடையும் வரை கழற்றவே இல்லை.

மாமா திரும்பக் கப்பலுக்குப் போனார். அத்தை திரும்ப டிரங்குப் பெட்டிக்குப் பக்கத்துக்குப் போனாள். அதற்கப்புறம் பதினாறு வருஷம் அந்த மூலை. மாமாவின் அண்ணன் காலமாகி வீடு பாகம் பிரிந்த பிறகுதான் அவளுக்கென்று ஒரு அடுப்பு வந்தது. அப்போது அவளுக்கு முடி நரைத்திருந்தது.

தெருவில் எனக்குப் பெயர் வந்துவிட்டது, தண்ணி காட்டினவள். விளையாட்டாகத்தான் சொன்னார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்த நான்கு நாள் என்னோடேயே வளர்ந்தது. கேஸை மூன்று தடவை மூடுவேன். பூட்டை நான்கு தடவை இழுத்துப் பார்ப்பேன். என் பிள்ளைகள் கேலி செய்வார்கள். டீச்சராக இருந்தேன், தலைமையாசிரியை பதவி வந்தபோது வேண்டாமென்று எழுதிக் கொடுத்தேன். அத்தனை பிள்ளைகளை என்னை நம்பி விட என்னாலேயே முடியவில்லை. அத்தை வீட்டுக்குப் போகும்போதெல்லாம், பையை வைத்ததும் முதல் வேலையாக அவள் தொட்டியில் தண்ணீரை நிரப்புவேன். அதன்பிறகுதான் உட்காருவேன். குழாய் வந்த பிறகும் குடத்தில் தூக்கித்தான் நிரப்பினேன். அத்தை தடுத்ததில்லை. ஒரு குறையும் சொன்னதில்லை. மாமா போன பிறகு, அவளுக்கும் தள்ளாமை வந்த காலத்தில், ஒரே ஒரு தடவை ஏதோ பேச்சில், "நீ மட்டும் அந்த நாலு நாளும் ஊத்தியிருந்தீன்னா, நான் பாண்டிச்சேரியப் பாத்திருப்பேன்டி" என்றாள். சொல்லிவிட்டு, வாய் தவறிவிட்டது என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பின்கட்டுக்குப் போய் அழுதேன். அத்தை போய் ஆறு வருஷமாகிறது.

போன மாதம் எங்கள் பழைய வீட்டை இடித்துக் கட்ட ஆள் விட்டோம். கொத்தனார் பரணைப் பெயர்த்தார். மற்ற பலகைகளெல்லாம் தனித்தனியாக வந்தன. இரண்டு பலகைகள் மட்டும் குறுக்குக் கட்டை ஒன்றில் அறைந்தபடி, படகில் இருந்ததைப் போலவே ஒட்டிக்கொண்டு வந்தன. கடப்பாரையை நடுவில் விட்டு நெம்பினார். "அம்மா, இங்க வாங்க, பொடவ மாட்டிகினு கீது" என்றார்.

போய்ப் பார்த்தேன். பலகை இடுக்கிலிருந்து வெங்காய நிறத்தில் ஏதோ தொங்கியது. பிடித்து இழுத்தேன். தடங்கலே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது, ஒரு முழம், இரண்டு முழம். அதன்மேல் ஒட்டியிருந்த குங்கிலியம் சில்லுச்சில்லாக உதிர்ந்தது. பட்டு. பாவு முடியும்போது தறியில் மிஞ்சுகிற நூலை முறுக்கித் திரியாக்கியிருந்தார்கள். அந்தக் கோடையில் அப்பா வெங்காய நிறத்தில் ஒரு கல்யாணச் சேலை நெய்துகொண்டிருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. உள்ளே பருத்தி ஒரு இழைகூட இல்லை. நெசவுத் தெருவில் பிறந்தவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். பருத்தி தண்ணீரில் உப்பிப் பிடித்துக்கொள்ளும். சாயம் ஏற்றிய பட்டு நனைந்தால் வழுக்கும், அவ்வளவுதான். நான் எத்தனை குடம் ஊற்றியிருந்தாலும் அந்த இடுக்கு அடைந்திருக்காது. நூலைப் பிடித்தபடியே தரையில் உட்காரப் போனேன். கொத்தனார் ஓடிப்போய் ஸ்டூல் கொண்டு வந்து போட்டார்.

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கண் மங்கல், ஞாபகம் கல்வெட்டு மாதிரி. பக்கத்துத் தெருவில் அந்தக் கோடைக்குப் பிறகு பிறந்த என் தம்பி வீட்டில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நூலை அவள் கையில் வைத்தேன். கட்டைவிரலால் உருட்டிப் பார்த்தாள்.

"அந்த வருசத்து வெங்காயக் கலரு," என்றாள்.

"படகுல எப்டிம்மா வந்துச்சு?"

"உங்கப்பா அடச்சாரு. நான்தான் அறுத்து முறுக்கிக் குடுத்தேன். மச்சான் படகுக்குப் போயி பருத்திய அடைப்பாங்களா, நம்மகிட்ட பட்டு இல்லியான்னாரு."

அப்பா ஏமாற்றவில்லை என்று அந்த நிமிஷமே எனக்குப் புரிந்தது. தன்னிடம் இருந்ததில் உசத்தியானதை எடுத்து அடைத்திருக்கிறார். அம்மா பாய்க்குக் கஞ்சி போட்டாளே, அதே மாதிரி. அதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை.

"அப்ப முழுவினது என்னாலன்னு சொன்னீங்களே?"

"நாங்க எங்க சொன்னோம்? நீதான சொன்ன."

அம்மாவே தொடர்ந்தாள். "ஒங்க மாமன் ஒன்ன அங்கயே மன்னிச்சிட்டான். கொழந்தன்னா மன்னிப்பாங்க. உங்கப்பான்னு தெரிஞ்சா மன்னிப்பானா? எனக்குப் பொறந்த வீடே இல்லாம பூடும். ஒனக்கு இன்னாடி கொறஞ்சுது? ஒன்ன யாராவது ஒரு வார்த்த சொன்னாங்களா?"

உண்மைதான். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அப்பா சாவும்போதாவது சொல்லியிருக்கலாமே, அம்மா."

"சொல்லிடுன்னுதான் சொன்னாரு. அப்ப ஒங்க அத்த இருந்தா. நீ நேரா அவகிட்ட போயி ஒளறிடுவ. அவ போனப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"அத்த போயி ஆறு வருசமாச்சு."

அம்மா நூலை என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"மறந்துட்டேன்டி," என்றாள்.

நான் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மாவைத் திட்ட வேண்டும் போல இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டது ஞாபகம் வந்தது. நான் செய்யாத ஒன்றை அவள் எத்தனை வருஷம் எனக்காகப் பொறுத்துக்கொண்டாள்!

"தண்ணி எடுத்தாடி, மாத்திர போடணும்," என்றாள் அம்மா.

கொண்டு வந்து கொடுத்தேன். "அத்தைகிட்ட இனிமே யாரும்மா சொல்றது?" என்று கேட்டேன். அம்மா மாத்திரையை விழுங்கிவிட்டுக் காலி டம்ளரை என்னிடம் நீட்டினாள்.